இளஞ்சிவப்புச் செல்லின் பின்னால்

ஒவ்வாமை ஆய்வகத்தில் புதிதாகச் சேர்பவருக்கு முதலில் கிடைப்பது எண்ணுகிற வேலை. 1980-களின் இறுதியில் இங்கிலாந்தின் ஓர் ஆய்வகத்தில் மாணவியாகச் சேர்ந்த ஒருவருக்கும் அதுவே கிடைத்தது. ஆஸ்துமா நோயாளியின் மூச்சுக்குழாய்க்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி, உப்புநீர் விட்டு, அதையே திரும்ப உறிஞ்சி எடுப்பார்கள். கலங்கலான அந்த நீர் ஐஸ் பெட்டியில் ஆய்வகத்துக்கு வரும். அதைச் சுழற்றி, செல்களைக் கண்ணாடித் தகட்டில் படியவைத்து, சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். இரண்டு மடலாகப் பிரிந்த உட்கருவும், உடலெங்கும் இளஞ்சிவப்பு மணிகளுமாகத் தெரிந்தால் அது ஈசினோஃபில். ஜெர்மனியின் பால் எர்லிக் 1879-இல் சாயமேற்றிக் கண்டு பெயரிட்ட ரத்த வெள்ளணு அது. ரத்தப் பரிசோதனைத் தாளில் ‘ஈஸ்னோபில் கூடியிருக்கிறது’ என்று டாக்டர் சொல்லிக் கேட்டவர்கள் நம்மிடையே ஏராளம்.

இன்று அவர் ஓய்வை நெருங்கும் மூத்த ஆய்வாளர். நுரையீரலில் தொடங்கியவர் நடுவில் குடலுக்குப் போனார், பிறகு உணவுக்குழாய்க்கு வந்தார். மூன்று இடங்களிலும் அதே இளஞ்சிவப்புச் செல் எதிர்ப்பட்டது. மூன்று இடங்களிலும் அது வெவ்வேறு விடை சொன்னது. நோய் இருக்கும் இடத்தில் ஒரு செல் இருக்கிறது என்பதற்கும், அந்த நோயை அந்தச் செல்தான் உண்டாக்குகிறது என்பதற்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதை அளப்பதிலேயே இந்தத் துறையின் பெரும்பகுதி உழைப்பு போயிருக்கிறது என்கிறார் அவர்.

அவர் சேர்ந்த நாளில் துறை ஒரு புதிய உற்சாகத்தில் இருந்தது. ஒவ்வாமைக்குக் காரணமான ஆன்டிபாடி ஏற்கெனவே பிடிபட்டிருந்தது. 1966-இல் அமெரிக்காவின் டென்வரில் கிமிஷிகே இஷிசாகாவும் அவர் மனைவி தெருகோ இஷிசாகாவும் தங்கள் தோலிலேயே ஊசி போட்டுச் சோதித்து அதைக் கண்டார்கள். மறு ஆண்டு ஸ்வீடனின் ஜோஹான்சனும் பென்னிக்கும் தனி வழியில் அதையே அடைந்தார்கள். 1968-இல் அதற்கு ஐஜி-ஈ என்ற பெயர் உறுதியானது. ஆனால் அந்த ஆன்டிபாடியை உற்பத்தி செய்யச் சொல்வது யார், ஈசினோஃபில்களை நுரையீரலுக்கு வரவழைப்பது யார் என்ற கேள்விகள் நின்றன. 1986-இல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரில் டிஎன்ஏஎக்ஸ் நிறுவனத்தில் டிம் மாஸ்மனும் ராபர்ட் காஃப்மனும் எலியின் நோய் எதிர்ப்புச் செல்களான உதவி டி செல்களில் இரண்டு வகை இருப்பதைக் காட்டினார்கள். இரண்டாம் வகையான டிஎச்-2 செல் இன்டர்லூக்கின்-4, இன்டர்லூக்கின்-5 என்ற செய்திப் புரதங்களைச் சுரக்கிறது. முதலாவது ஐஜி-ஈயைத் தூண்டும். அடுத்தது ஈசினோஃபில்களை எலும்பு மஜ்ஜையில் வளர்த்து வெளியே அனுப்பும்.

எலியில் கண்டது மனிதரில் உண்டா? 1992-இல் லண்டனில் பாரி கே தலைமையிலான குழு அதற்கு விடை தந்தது. ஒவ்வாமை ஆஸ்துமா உள்ளவர்களின் மூச்சுக்குழாயைக் கழுவி எடுத்த டி செல்களில் இந்த இரண்டு புரதங்களுக்கான மரபுச் செய்தி மிகுந்திருந்தது. அந்தக் கட்டுரை வந்த வாரத்தில் தம் ஆய்வகத்தில் வேறு பேச்சே இல்லை என்று அவர் நினைவுகூர்கிறார். ஐஜி-ஈ, டி செல், ஈசினோஃபில் மூன்றும் ஒரே சங்கிலியில் கோத்துக்கொண்டன. அந்தச் சங்கிலியை எங்காவது அறுத்தால் போதும், ஆஸ்துமா அடங்கிவிடும் என்று எல்லோரும் நம்பினார்கள்.

அதன்பின் வந்தவை எலியின் ஆண்டுகள். முட்டை வெள்ளைக்கருவின் புரதத்தைப் படிகாரச் சேர்மத்தோடு கலந்து எலியின் வயிற்றில் ஊசியாகப் போடுவார்கள். சில வாரம் கழித்து அதே புரதத்தை மூக்கில் சொட்டுவார்கள். நுரையீரலில் ஈசினோஃபில்கள் குவியும், மூச்சுக்குழாய் சுருங்கும். 1996-இல் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் பால் ஃபாஸ்டர் குழு, இன்டர்லூக்கின்-5 மரபணு நீக்கப்பட்ட எலிகளில் இதைச் செய்து பார்த்தது. ஈசினோஃபில்கள் வரவில்லை. மூச்சுக்குழாயின் அதீதச் சுருக்கமும் வரவில்லை. நுரையீரல் சேதமும் இல்லை. இதைவிடத் தெளிவான சோதனை வேறென்ன வேண்டும்?

எலிக்குத் தானாக ஆஸ்துமா வருவதில்லை என்பதை எல்லோரும் அறிந்தேயிருந்தார்கள். வயிற்றில் முட்டைப் புரத ஊசி போட்டுக்கொண்டு எந்தக் குழந்தைக்கும் இளைப்பு வருவதில்லை என்பதும் தெரியும். ஆனாலும் ஆய்வுக்கூட்டங்களில் அதைப் பேசுவோர் குறைவு. எலிச் சோதனை சில வாரங்களில் முடியும், நோயாளியிடமிருந்து மாதிரி கிடைக்க மாதங்கள் ஆகும், நிதியும் பதவியும் வேகமாக வரும் முடிவுகளையே தேடிப்போகும். பிற்பாடு வீட்டுத்தூசிப் பூச்சியின் சாற்றை நேராக மூக்கில் விடும் முறை பரவியது. மனிதருக்கு நேர்வதோடு அது கொஞ்சம் நெருங்கி வருகிறது.

சங்கிலியை அறுத்தால் ஆஸ்துமா அடங்கும் என்ற நம்பிக்கைக்கு 2000-ஆம் ஆண்டு அடி விழுந்தது. இன்டர்லூக்கின்-5-ஐ மடக்கும் ஆன்டிபாடியான மெப்போலிசுமாபை, லேசான ஒவ்வாமை ஆஸ்துமா உள்ள 24 பேரிடம் சோதித்த முடிவு ‘லான்செட்’ இதழில் வந்தது. ஒரே ஊசியில் ரத்தத்திலும் சளியிலும் ஈசினோஃபில்கள் சரிந்தன. ஆனால் ஒவ்வாமைப் பொருளை முகர்ந்த சில மணி நேரம் கழித்து வரும் இளைப்பு குறையவில்லை. மூச்சுக்குழாயின் அதீத உணர்வும் மாறவில்லை. 2007-இல் 362 நோயாளிகளிடம் செய்த பெரிய சோதனையும் கைகொடுக்கவில்லை. கருத்தரங்குகளில் ஈசினோஃபில் ஆய்வுகளுக்கான அரங்கில் கூட்டம் குறைந்தது. அந்தச் செல் வெறும் பார்வையாளர்தான் என்று தலையங்கங்கள் எழுதப்பட்டன. அவரோடு தொடங்கிய பலர் வேறு செல்களுக்கு மாறினார்கள்.

துறையின் இந்தச் சோர்வைப் போக்கியவர்கள் மரபணு நீக்கிய எலிகளை வளர்த்தவர்களல்லர். சளியைப் பார்த்துக்கொண்டிருந்த மருத்துவர்கள். இந்த இடத்தில் அவர் எப்போதும் 1958-க்குத் திரும்பிப் போவார். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, நாள்பட்ட ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு பெரிதாகப் பயன்படவில்லை என்று பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் சோதனை சொல்லியிருந்தது. டெர்பி நகர மருத்துவர் ஹாரி மாரோ பிரவுன் அதை அப்படியே ஏற்காமல், தம் நோயாளிகளின் சளியை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். சளியில் ஈசினோஃபில் இருந்தவர்களுக்கு ஸ்டீராய்டு நன்றாக வேலை செய்தது. இல்லாதவர்களுக்குச் செய்யவில்லை. இரு கூட்டத்தையும் ஒன்றாகக் கலந்தால் மருந்தின் பலன் சராசரியில் கரைந்துபோகும். ஒரே ‘ஆஸ்துமா’ என்ற பெயருக்குள் வெவ்வேறு நோய்கள் இருக்கின்றன என்பதற்கான சான்று அன்றே கிடைத்துவிட்டது. அதைத் துறை அடுத்த பல பத்தாண்டுகள் பயன்படுத்திக்கொள்ளவில்லை.

கனடாவின் ஹாமில்டனில் ஃப்ரெடி ஹார்கிரீவும் அவர் குழுவும் அந்த வேலையை மீண்டும் எடுத்தார்கள். நோயாளியை உப்புநீர் ஆவியை இழுக்கச் செய்து சளியை வரவழைத்து, எச்சிலை ஒதுக்கிக் கெட்டியான பகுதியைப் பொறுக்கி, கரைத்து எண்ணும் முறையை ஒழுங்குபடுத்தினார்கள். நம் ஆய்வாளர் அந்த முறையைக் கற்றுக்கொண்ட காலத்தை மிகுந்த மரியாதையோடு சொல்கிறார். சளியைத் தொட விரும்பாதவர் இந்தத் தொழிலுக்கு வர முடியாது. எச்சில் கலந்த மாதிரியைக் கெட்டியான மாதிரியிலிருந்து பிரித்தறியக் கண் பழக வேண்டும். பரிசோதனைக்கு முந்தைய வாரம் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவரின் சளியில் ஈசினோஃபிலைத் தேடிப் பயனில்லை. மாத்திரை அவற்றைத் துடைத்துவிடும்.

2002-இல் லெஸ்டரில் 74 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினருக்கு வழக்கமான வழிகாட்டுதல்படியும், மறு பாதியினருக்குச் சளியின் ஈசினோஃபில் எண்ணிக்கையைப் பார்த்தும் மருந்தைக் கூட்டிக் குறைத்தார்கள். ஓராண்டில் முதல் பிரிவில் கடுமையான தாக்குதல்கள் 109. சளியைப் பார்த்துச் சிகிச்சை செய்த பிரிவில் 35. பிறகு 2009 மார்ச்சில், லெஸ்டர் குழுவும் ஹாமில்டன் குழுவும் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் ஒரே வாரத்தில் மெப்போலிசுமாப் முடிவுகளை வெளியிட்டன. லெஸ்டரில் 61 பேர், ஹாமில்டனில் வெறும் 20 பேர். 362 பேரிடம் தோற்ற அதே மருந்து இங்கே வென்றது. ஸ்டீராய்டு எடுத்தும் ஈசினோஃபில் அடங்காத கடும் நோயாளிகளை மட்டுமே இவர்கள் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அன்றாட இளைப்பை அளப்பதற்குப் பதிலாக, மருத்துவமனைக்கு ஓட வைக்கும் கடும் தாக்குதல்கள் குறைகின்றனவா என்று அளந்தார்கள். குறைந்தன. 2015 நவம்பரில் அமெரிக்காவில் அந்த மருந்து அங்கீகாரம் பெற்றது.

ஈசினோஃபில் குற்றவாளியா, பார்வையாளரா என்ற பழைய சண்டை அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வியே சரியாக அமையவில்லை என்று அவர் எண்ணத் தொடங்கியது அப்போதுதான். எந்த நோயாளியில், நோயின் எந்தக் கட்டத்தில் என்று சேர்த்துக் கேட்காதவரை அதற்கு விடை கிடையாது.

இதே செல்லைப் பற்றிச் சென்னையிலிருந்து வந்த ஒரு பாடத்தையும் அவர் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. 1940-இல் மதனப்பள்ளிக்கு அருகில் உள்ள காசநோய் மருத்துவமனையில் ஃப்ரிமோட்-முல்லரும் பார்ட்டனும், காசநோய்போலத் தோன்றி, ரத்தத்தில் ஈசினோஃபில் மிகுந்திருந்த நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். 1943-இல் வைங்கார்ட்டன் அதற்கு ‘வெப்பமண்டல ஈசினோஃபிலியா’ என்று பெயரிட்டார். இரவெல்லாம் இருமல், இளைப்பு, மிக உயர்ந்த ஐஜி-ஈ. ஆஸ்துமா என்றே பலரும் மருந்து கொடுப்பார்கள். உண்மைக் காரணம் யானைக்கால் நோயின் ஃபைலேரியா புழு. அதன் குஞ்சுகள் நுரையீரலில் சிக்கும்போது உடல் காட்டும் அதீத எதிர்வினை இது. 1980-களில் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி மையத்தின் வி. கே. விஜயனும் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தினரும் சேர்ந்து இந்த நோயாளிகளின் நுரையீரலைக் கழுவிப் பார்த்தார்கள். ஈசினோஃபில்கள் நிறைந்திருந்த அந்த நீர், புழுவைக் கொல்லும் டைஎத்தில்கார்பமசின் மாத்திரை கொடுத்ததும் விரைவில் தெளிந்தது. 1987-இல் வெளியான அந்த ஆய்வு, ஒரே செல் ஒரே உறுப்பில் குவிந்தாலும் காரணம் முற்றிலும் வேறாக இருக்கலாம் என்று காட்டியது. நம்மூர்களில் ஈசினோஃபில் கூடியவருக்கு ஸ்டீராய்டு எழுதுமுன் புழுவைத் தேட வேண்டும். ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் போன்ற புழு உள்ளே ஒளிந்திருந்தால் ஸ்டீராய்டு அதை உடலெங்கும் பெருகவிட்டு உயிருக்கே உலை வைக்கும்.

1990-களின் நடுவில் அவர் குடலுக்கு மாறினார். நுரையீரலைக் கழுவினால் செல்கள் தாமாக வந்துவிடும். குடல் அப்படி எளிதில் கொடுக்காது. எலியின் பெருங்குடலை எடுத்து, மலத்தை அலசி, ஒட்டியிருக்கும் கொழுப்பை உரித்து, நீளவாக்கில் வெட்டித் துண்டாக்க வேண்டும். முதலில் ஒரு கரைசலில் குலுக்கி மேல்தோல் செல்களைக் கழற்றி, பிறகு கொலாஜினேஸ் நொதியில் 37 டிகிரி சூட்டில் ஊறவைத்து, அடியில் உள்ள எதிர்ப்புச் செல்களை விடுவிக்க வேண்டும். நேரம் குறைந்தால் செல்கள் வெளியே வராது. கூடினால் செல்லை அடையாளம் காட்டும் புரதங்களை நொதி அரித்துவிடும். செத்த செல்களின் டிஎன்ஏ பசைபோல் ஒட்டி எல்லாவற்றையும் கட்டியாக்கிவிடும். அழற்சி மிகுந்த குடலில்தான் இந்தத் தொல்லை அதிகம். ஆய்வாளருக்கு வேண்டியதும் அந்தக் குடல்தான். கட்டுரைகளின் செய்முறைப் பகுதியில் நான்கு வரியில் முடியும் இந்த வேலைக்கு ஒரு முழுநாள் போகும். இரு ஆய்வகங்களின் முடிவுகள் ஒத்துப்போகாதபோது அவர் முதலில் விசாரிப்பது நொதியின் தொகுதி எண்ணையும் ஊறவைத்த நிமிடங்களையும்தான்.

குடல் ஆய்வில் அந்தக் காலத்தின் பெரிய நிகழ்வு 1993. டிஎன்ஏஎக்ஸில் காஃப்மனோடு பணியாற்றிய ஃபியோனா பவுரி, சாதாரண எலியின் டி செல்களில் ஒரு பகுதியை மட்டும் பிரித்து, எதிர்ப்புச் செல்களற்ற எலிக்குச் செலுத்தினார். சில வாரங்களில் அதன் பெருங்குடல் புண்ணானது. விட்டுவைத்த இன்னொரு பகுதி டி செல்களையும் சேர்த்துச் செலுத்தினால் நோய் வரவில்லை. அழற்சியைக் கிளப்பும் செல்லும் அதை அடக்கும் செல்லும் ஆரோக்கியமான உடலிலேயே அருகருகே இருக்கின்றன என்பது கண்முன் நின்றது. 1995-இல் ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி அந்த அடக்கும் செல்களை அடையாளப்படுத்தினார். 2001-இல் ஃபாக்ஸ்பி-3 என்ற மரபணு கண்டறியப்பட்டது, அது அவற்றின் உருவாக்கத்துக்கான திறவுகோல் என்பது 2003-இல் வெளிப்பட்டது. அந்த மரபணு பழுதான ஆண் குழந்தைகளுக்கு விடாத வயிற்றுப்போக்கு, கரப்பான், உயர்ந்த ஐஜி-ஈ எல்லாம் சேர்ந்து வருகின்றன. குடல் அழற்சியும் ஒவ்வாமையும் ஒரே செல்லின் இல்லாமையால் ஒரே குழந்தையில் வருவதைப் பார்த்த பிறகு, இரண்டையும் தனித்தனித் துறைகளாக வைத்திருப்பதில் அவருக்கு உடன்பாடில்லை. இந்தக் கண்டுபிடிப்புகளுக்காக மேரி பிரன்கோ, ஃப்ரெட் ராம்ஸ்டெல், சகாகுச்சி மூவருக்கும் 2025-இல் மருத்துவ நோபல் கிடைத்தது.

அதே 1993-இல் ஜெர்மனியின் கோல்ன் நகரில் இன்டர்லூக்கின்-10 இல்லாத எலிகளை உருவாக்கினார்கள். அவற்றுக்குக் குடல் அழற்சி வந்தது. ஆனால் சுத்தமான கூடத்தில் வளர்த்தால் நோய் பெருங்குடலின் ஒரு பகுதியோடு நின்றது. கிருமியே இல்லாத சூழலில் வளர்த்தவற்றுக்கு நோயே வரவில்லை என்று பின்னர் தெரிந்தது. எலிக்கூடத்தை வேறு கட்டடத்துக்கு மாற்றியதும் குடல்நோய் மாயமாய்ப் போன கதை இந்தத் துறையில் பல ஆய்வகங்களில் உண்டு. அவர் பணியாற்றிய ஓரிடத்திலும் அது நடந்தது. எலி அதே இனம், மரபணு அதே, வேலை செய்யும் கையும் அதே. குடலில் வாழும் பாக்டீரியாக்கள் மட்டும் மாறியிருந்தன. மாதக்கணக்கில் அதைத் தேட வேண்டியிருந்தது.

2009-இல் நியூயார்க்கில் டான் லிட்மன் குழு இந்தப் புதிருக்கு ஒரு பெயர் கொடுத்தது. டக்கோனிக் நிறுவனத்தில் வாங்கிய எலிகளின் சிறுகுடலில் டிஎச்-17 என்ற டி செல்கள் நிறைய இருந்தன. ஜாக்சன் ஆய்வகத்தில் வாங்கிய அதே இன எலிகளில் அவை சொற்பம். வேறுபாட்டுக்குக் காரணம் குடல் சுவரோடு ஒட்டி வாழும், கண்டம் கண்டமான இழைவடிவ பாக்டீரியா ஒன்று. அதைச் செலுத்தினால் டிஎச்-17 செல்கள் பெருகின. எலியை எங்கே வாங்கினீர்கள் என்ற கேள்வி அதுவரை கொள்முதல் பிரிவுக்கானது. அன்றிலிருந்து அது அறிவியல் கேள்வியானது.

டிஎச்-17 செல்களைச் சுற்றியே அடுத்த பாடமும் வந்தது. கிரோன் என்ற குடல் அழற்சி நோய் உள்ளவர்களின் குடலில், அந்தச் செல்கள் சுரக்கும் இன்டர்லூக்கின்-17 மிகுந்திருந்தது. 2006-இல் மரபணு ஆய்வு, இந்தச் செல்களைப் பேணும் இன்டர்லூக்கின்-23-இன் ஏற்பியில் ஏற்படும் ஒரு மாறுபாடு கிரோன் நோயிலிருந்து பாதுகாப்பதைக் காட்டியது. அப்படியானால் 17-ஐ மடக்கினால் நோய் அடங்க வேண்டும். சொரியாசிஸ் என்ற தோல் நோய்க்குப் பிரமாதமாகப் பயன்பட்ட செக்குகினுமாப் என்ற ஆன்டிபாடியை 59 கிரோன் நோயாளிகளிடம் சோதித்த முடிவு 2012-இல் வந்தது. பலன் இல்லாததோடு, மருந்து எடுத்தவர்களில் பாதகமான விளைவுகள் கூடியிருந்தன. குடலில் இன்டர்லூக்கின்-17 சுவரைக் காக்கும் வேலையையும் செய்கிறது, பூஞ்சையையும் அடக்குகிறது. தோலில் கெடுதல் செய்யும் அதே புரதம் குடலில் காவலாக இருந்திருக்கிறது. மேல்நிலையில் உள்ள 23-ஐ மடக்கும் மருந்துகள் பலன் தந்தன: உஸ்டெகினுமாப் 2016-இலும், ரிசாங்கிசுமாப் 2022-இலும் கிரோன் நோய்க்கு அங்கீகாரம் பெற்றன.

இந்த ஆண்டுகளில் கருவிகளும் மாறின. அவர் முதன்முதலில் பயன்படுத்திய ஃப்ளோ சைட்டோமீட்டரில், ஒரு செல்லின் மேல் இரண்டு ஒளிர்சாயங்களையே ஒரே நேரத்தில் பார்க்க முடிந்தது. பிறகு நான்கு, பத்து, பதினெட்டு என்று கூடி, இன்று முப்பதைத் தாண்டிவிட்டது. சாயங்கள் கூடக் கூட, முன்பு கண்ணில் படாத செல்கள் வெளிவந்தன. அவற்றில் பெரிய ஆச்சரியம் 2010-இல் நடந்தது. டி செல், பி செல் முதலிய தெரிந்த வகைகளையெல்லாம் கழித்தபின் எஞ்சும் செல்களை அதுவரை பெரும்பாலோர் திரையிலேயே ஒதுக்கிவிடுவார்கள். ஜப்பானில் ஷிகியோ கோயாசு குழு, கேம்பிரிட்ஜில் ஆண்ட்ரூ மெக்கென்சி குழு, சான் ஃபிரான்சிஸ்கோவில் ரிச்சர்ட் லாக்ஸ்லி குழு மூன்றும் அந்த எச்சத்துக்குள் ஒரு செல்லைக் கண்டன. டி செல்லுக்குரிய ஏற்பி அதற்கில்லை. ஆனால் இன்டர்லூக்கின்-5-ஐயும் 13-ஐயும் டி செல்களைவிட அதிகமாகக் கொட்டியது. மூன்று குழுவும் மூன்று பெயர் வைத்தன. 2013-இல் எல்லோரும் கூடி, இயல்பு நிணநீர்ச் செல்களின் இரண்டாம் வகை, சுருக்கமாக ஐஎல்சி-2 என்று முடிவுசெய்தார்கள். மூச்சுக்குழாயின் மேல்தோல் சிதையும்போது வெளிவரும் எச்சரிக்கைப் புரதங்களே அதைத் தூண்டப் போதும். குறிப்பிட்ட ஒவ்வாமைப் பொருள் எதுவும் தேவையில்லை. ஒவ்வாமைப் பரிசோதனையில் எதுவும் தெரியாத, நடுவயதில் தொடங்கும் ஆஸ்துமாவில் ஈசினோஃபில் ஏன் குவிகிறது என்ற பழைய புதிருக்கு அதில் ஒரு வழி கிடைத்தது. அந்த எச்சரிக்கைப் புரதங்களில் ஒன்றான டிஎஸ்எல்பி-யை மடக்கும் டெசெபெலுமாப் 2021 டிசம்பரில் கடும் ஆஸ்துமாவுக்கு அங்கீகாரம் பெற்றது.

அவர் இப்போது வேலை செய்வது உணவுக்குழாயில். ஆரோக்கியமான சிறுகுடலிலும் பெருங்குடலிலும் ஈசினோஃபில்கள் எப்போதும் குடியிருக்கும். உணவுக்குழாயில் அவை இருக்கவே கூடாது. ஈசினோஃபில் உணவுக்குழாய் அழற்சி உள்ளவர்களின் திசுத்துண்டில், மைக்ரோஸ்கோப்பின் ஒரு பார்வைப் பரப்புக்குள் 15 அல்லது அதற்கு மேல் தெரியும். இறைச்சித் துண்டு தொண்டைக்குக் கீழே அடைத்துக்கொண்டு அவசரப் பிரிவுக்கு ஓடிவரும் இளைஞர்களில் பலருக்கு இந்த நோய்தான். நோய்ப் பெயரிலேயே ஈசினோஃபில் இருக்கிறது, கண்டறிவதும் அதன் எண்ணிக்கையை வைத்தே. ஆகவே அதை நீக்கினால் நோய் தீரும் என்று எதிர்பார்ப்பது இயல்பு.

பென்ராலிசுமாப் என்ற ஆன்டிபாடி ஈசினோஃபிலைக் கொன்றே விடும். கடும் ஆஸ்துமாவுக்கு 2017-இலேயே அங்கீகாரம் பெற்ற மருந்து. அதை உணவுக்குழாய் நோயாளிகளிடம் சோதித்த முடிவு 2024-இல் வெளியானது. மருந்து பெற்றவர்களில் சுமார் 87 சதவீதம் பேரின் திசுவில் ஈசினோஃபில்கள் ஏறத்தாழ மறைந்தன. போலி மருந்து பெற்றவர்களில் அது சுமார் 7 சதவீதம். ஆனால் விழுங்கும் சிரமம் இரு பிரிவினருக்கும் ஒன்றாகவே இருந்தது. இதற்கு மாறாக, இன்டர்லூக்கின்-4, 13 இரண்டின் சமிக்ஞையையும் தடுக்கும் டுப்பிலுமாப் ஆஸ்துமாவிலும் பலன் தந்தது, உணவுக்குழாயிலும் விழுங்குவதை எளிதாக்கியது. 2022-இல் அந்த நோய்க்கு அங்கீகாரமும் கிடைத்தது. மேல்தோலின் இறுக்கத்தைக் குலைப்பது, அடியில் நார்த்திசுவைப் படியவைப்பது போன்ற வேலைகளில் இன்டர்லூக்கின்-13-க்கு நேரடிப் பங்கு உண்டு. ஈசினோஃபில்கள் போன பிறகும் அந்தச் சேதம் அப்படியே இருக்கும். கடும் ஆஸ்துமாவில் நோயாளியைக் காப்பாற்றிய அதே உத்தி, ஒரு சாண் தள்ளியிருக்கும் குழாயில் நோயாளிக்கு உதவவில்லை.

ஈசினோஃபில்கள் இவ்வளவு காலம் புதிராக இருந்ததற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. ஒவ்வொரு செல்லிலும் எந்தெந்த மரபணு இயங்குகிறது என்று தனித்தனியே படிக்கும் தொழில்நுட்பம் கடந்த பத்தாண்டில் எல்லா ஆய்வகங்களுக்கும் வந்தது. அந்த வரைபடங்கள் பலவற்றில் ஈசினோஃபில் இருந்த இடம் காலி. அந்தச் செல்லின் மணிகளில் ஆர்என்ஏவைச் சிதைக்கும் நொதிகள் நிறைந்திருக்கின்றன. கருவிக்குள் போகும் வழியில் செல் உடைந்தால், படிக்க வேண்டிய செய்தியையே அது அழித்துவிடும். வரைபடத்தில் இல்லை என்பதால் திசுவிலும் இல்லை என்று எண்ணிய கட்டுரைகளை அவர் மதிப்பாய்வில் பலமுறை திருப்பி அனுப்பியிருக்கிறார். செல்களை மென்மையாகக் கையாளும் வேறு வகைக் கருவியைக் கொண்டு சூரிக் பல்கலைக்கழகத்தின் இசபெல் ஆர்னால்ட் குழு அந்தத் தடையைத் தாண்டியது. அழற்சியுற்ற பெருங்குடலில், கிருமிகளோடு போராடவும் டி செல்களின் போக்கை மாற்றவும் திறன் கொண்ட ஒரு தனிவகை ஈசினோஃபில் இருப்பதை 2023-இல் ‘நேச்சர்’ இதழில் அவர்கள் காட்டினார்கள்.

அந்த வகைச் செல் மனித உணவுக்குழாயிலும் உண்டா, மருந்து அதை மட்டும் விட்டுவைக்கிறதா என்று பார்ப்பதே நம் ஆய்வாளர் குழுவின் இப்போதைய வேலை. அதற்கு ஒரே நோயாளியிடமிருந்து மருந்துக்கு முன்னும் பின்னும் திசுத்துண்டு வேண்டும். துண்டு அரிசி மணி அளவுகூட இருக்காது. மருத்துவமனைகளுக்கு அவர் அனுப்பியிருக்கும் படிவத்தில் மாதிரிக் குழாயோடு எழுதி அனுப்ப வேண்டியவை வரிசையாக இருக்கின்றன: உணவுக்குழாயின் மேல்பகுதியா கீழ்ப்பகுதியா, எடுத்த மணி, ஐஸில் வைத்த மணி, கடைசியாக எடுத்த ஸ்டீராய்டு எது, எத்தனை நாளுக்கு முன்பு, நோயாளி எந்த நாட்டில் வளர்ந்தார், புழுவுக்குப் பரிசோதனை ஆனதா, விழுங்குவது எப்படி இருக்கிறது என்று அவரே சொன்ன விவரம். இவற்றில் ஒன்று விடுபட்டாலும் குழுவில் யாராவது அன்றே போன் செய்து கேட்டுவிட்டுத்தான் துண்டை நொதிக்குள் போடுவார்கள்.